பெரோடுவா மலேசியாவைத் தாண்டி ஏன் ஓடவில்லை?

கேட்டிருப்பது இதுதான்: மலேசியாவில் விற்கும் ஐந்து புதுக் கார்களில் இரண்டுக்கு மேல் பெரோடுவா. ஆனால் வெளிநாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் ‘அது எந்த கம்பெனி?’ என்கிறார்கள். ஹூண்டாய், மாருதி போல ஏற்றுமதியில் ஏன் வர முடியவில்லை? தரம் போதவில்லையா, அல்லது வீட்டில் புலி வெளியில் எலி கதைதானா?

தரத்தைப் பற்றிய சந்தேகத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1994-இல் வந்த பெரோடுவாவின் கஞ்சில் கார் இன்றும் மலேசியச் சாலைகளில் ஓடுகிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் கார் அதுதான். 2005-இல் வந்த மைவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் ஒருமுறையாவது ஏறாத மலேசியரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், அடித்தளம் எல்லாம் ஜப்பானின் டைஹட்சு வடிவமைத்தவை. சின்னக் கார் செய்வதில் டைஹட்சுவோடு போட்டி போடக்கூடியவர்கள் உலகத்திலேயே சிலர்தான்.

என் பதில் வேறு. பெரோடுவாவின் மலிவு, மலேசியாவுக்குள் உண்டாகி மலேசியாவுக்குள்ளேயே முடிந்துபோகிற மலிவு. அதைக் கப்பலில் ஏற்ற முடியாது. அதைவிடப் பெரிய காரணம், எந்த நாட்டில் எந்தக் காரை யார் பெயரில் விற்பது என்று பெரோடுவா தனியாக முடிவெடுக்க முடியாது என்பது. முதல் காரணத்தைப் பலரும் பேசுகிறார்கள். இரண்டாவதுதான் விஷயத்தின் வேர் என்பது என் கருத்து.

முதலில் மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பிரதமர் மகாதீர் காலத்துத் தேசியக் கார் திட்டத்தில் 1983-இல் புரோட்டோன் கம்பெனி தொடங்கியது, 1985-இல் அதன் சாகா கார் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, சாகாவையும் வாங்க முடியாதவர்களுக்காக 1993-இல் இரண்டாவது தேசிய கம்பெனியாகப் பெரோடுவா அமைந்தது. ஆக, பிறக்கும்போதே அதற்குக் கொடுத்த வேலை, மோட்டார் சைக்கிளில் போகும் மலேசியனைக் காரில் உட்கார வைப்பது. உலகச் சந்தை அந்தத் திட்டத்தில் ஓர் ஓரத்தில்தான் இருந்தது.

மலேசியாவில் கார்களுக்குக் கலால் வரி 60 முதல் 105 சதவீதம் வரை போகும். உள்நாட்டில் எவ்வளவு மதிப்பு சேர்க்கிறார்களோ அதற்கேற்பச் சலுகை கிடைக்கும். உதிரி பாகங்களில் பெரும்பகுதியை உள்ளூர் சப்ளையர்களிடமே வாங்கும் பெரோடுவாவுக்கு அந்தச் சலுகை முழுசாகக் கைகூடுகிறது. முழுதாகக் கட்டி இறக்குமதி செய்யும் காருக்கு அந்த வழி இல்லை. இதனால் பெரோடுவாவுக்கும் அடுத்த நிலையிலுள்ள ஜப்பானியக் காருக்கும் இடையே கடையில் தெரியும் விலை வித்தியாசம், தொழிற்சாலை வாசலில் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரியது. 2023-இல் ஆக்சியா என்ற பெரோடுவா காரின் அடிப்படை வகையை 22,000 ரிங்கிட்டுக்கு விட்டார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் இந்திய ரூபாயில் ஏறக்குறைய 4 லட்சம். அந்த விலைக்குப் பக்கத்தில் வர வேறு எவராலும் முடியவில்லை.

விலைக்கு அடுத்தபடி எண்ணிக்கை. 2024-இல் பெரோடுவா விற்றது 358,102 கார்கள், நாட்டின் மொத்த விற்பனையில் 40 சதவீதத்துக்கு மேல். அத்தனையும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களில். ஒரே கதவுப் பிடியை லட்சக்கணக்கில் வார்க்கும் சப்ளையர், ஒவ்வொன்றையும் சில காசு குறைத்துத் தர முடிகிறது.

பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஆதரவுகள். வங்கி ஒன்பது ஆண்டுத் தவணை கொடுக்கிறது. 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ரோட் டாக்ஸ் ஆண்டுக்கு 20 ரிங்கிட். பெட்ரோலுக்கு அரசாங்க மானியம். சின்னப் பட்டணத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கஞ்சிலுக்கு ஒரு சாமான் கேட்டால், ‘ஒரிஜினல் வேண்டுமா, லோக்கல் போதுமா, ஹாஃப்-கட்டில் எடுத்ததா?’ என்று மூன்று விலை சொல்வார்கள். ஹாஃப்-கட் என்பது ஜப்பானில் கழித்த காரின் முன்பாதியை எஞ்சினோடு வெட்டிக் கப்பலில் கொண்டுவருவது. கஞ்சிலின் மூலம் டைஹட்சு மீரா என்பதால், மீராவின் எஞ்சின் கஞ்சிலுக்குள் அப்படியே பொருந்தி உட்காரும். இவ்வளவு வசதி இருப்பதால் பழைய பெரோடுவாவுக்கும் நல்ல விலை கிடைக்கிறது. பழைய காருக்கு விலை நிற்பதால் புதுக் காருக்கு வங்கி தயங்காமல் கடன் தருகிறது. மலேசியாவில் பெரோடுவா வாங்குவது பத்திரமான முடிவாக இருப்பது இந்தச் சுழற்சியால்தான். இதில் ஒரு கண்ணிகூட எல்லைக்கு அப்பால் வராது.

பிரிட்டனில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 1997-இல் கஞ்சிலை ‘நிப்பா’ என்ற பெயரில் அங்கே இறக்கினார்கள். 847 சிசி, மூன்று சிலிண்டர், ஐந்து கதவு, விலை 5,000 பவுண்டுக்குள். அப்போது பிரிட்டனில் வாங்கக்கூடிய மிக மலிவான புதுக் கார் அது. பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏர்பேக் இல்லை. பின்னால் கெனாரி, கெலிசா, 2006-இல் மைவி என்று ஒவ்வொன்றாக வந்தன. வாங்கியவர்கள் பெரும்பாலும் திருப்தியாகவே இருந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள், கடைக்கும் மருத்துவமனைக்கும் போய்வர நம்பகமான வண்டி கேட்டவர்கள்தான் அதிகம். ஆனாலும் சுமார் பதினேழு ஆண்டுகளில், 2014 வாக்கில், பெரோடுவா அங்கிருந்து மூட்டை கட்டிவிட்டது.

இதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் கெலிசாவைக் கிழித்துத் தொங்கவிட்டதுதான். 2007-இல் அது மலேசியாவில் பெரிய கோபத்தைக் கிளப்பியது. கோபம் நியாயமானதே. விற்பனை சரிந்ததற்கு அதைக் காரணமாக்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 5,000 பவுண்டு கார் தேடும் ஓய்வூதியக்காரர் அதைப் பார்த்துவிட்டா முடிவெடுப்பார்?

உண்மையான போட்டி பழைய கார்களிடமிருந்து வந்தது. பிரிட்டனில் மூன்று வயதான ஃபோர்டு ஃபியஸ்டா, பெரோடுவாவின் விலைக்கே கிடைக்கும். அதில் ஏர்பேக் இருக்கும், பவர் ஸ்டீயரிங் இருக்கும், நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓடும், ஊருக்கு ஊர் மெக்கானிக் இருப்பார். மலேசியாவில் வரி காரணமாகப் பழைய காரும் விலை அதிகம், அதனால் புது ஆக்சியா எடுப்பது புத்திசாலித்தனம். பிரிட்டனில் அப்படி ஒரு வேலி கிடையாது.

அடுத்தது தவணைக் கணக்கு. அங்கே புதுக் கார் வாங்குவோரில் மிகப் பலர் முழு விலையைக் கட்டுவதில்லை. மூன்று ஆண்டு கழித்து கார் என்ன விலைக்குப் போகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, இடையில் தேயும் தொகையை மட்டும் மாதத் தவணையாகக் கட்டுவார்கள். பிசிபி என்று அதற்குப் பெயர். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் தெரியாத ஒரு கார் 8,000 பவுண்டு, மூன்று ஆண்டில் 2,500 ஆகிவிடும். தேய்மானம் 5,500, மாதத்துக்கு ஏறக்குறைய 153. பெயர்பெற்ற இன்னொரு கார் 11,000 பவுண்டு, மூன்று ஆண்டில் 6,000 நிற்கும். தேய்மானம் 5,000, மாதம் 139. வட்டியைச் சேர்க்காத கணக்கு இது, ஆனாலும் விஷயம் தெரிகிறது. விலை அதிகமான கார்தான் மாதாமாதம் மலிவு. மறுவிற்பனை விலை நிற்காத காரை எவ்வளவு குறைத்து விற்றாலும் இந்தக் கணக்கில் ஜெயிக்க முடியாது. விலையை நிறுத்த வேண்டுமானால் நாடு முழுக்க டீலர் வேண்டும், சொந்த நிதி நிறுவனம் வேண்டும், தெருவில் நிறைய வண்டிகள் தென்பட வேண்டும். குறைந்த எண்ணிக்கையில் விற்கும் கம்பெனியால் இந்த மூன்றையும் திரட்ட முடியாது.

சட்டமும் இறுகிக்கொண்டே வந்தது. ஐரோப்பாவில் 2011-இல் எல்லாப் புதுக் கார்களுக்கும் யூரோ 5 புகைக் கட்டுப்பாடு வந்தது, 2015-இல் யூரோ 6. 2014 நவம்பரிலிருந்து விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயம். ஒரு எஞ்சினை யூரோ 6-க்கு மாற்றும் செலவு, ஆயிரம் கார் விற்றாலும் லட்சம் கார் விற்றாலும் பெரிய அளவில் மாறாது. அந்தச் செலவை லட்சத்தால் வகுத்தால் காருக்குச் சில பவுண்டு. ஆயிரத்தால் வகுத்தால் கார் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. மலேசியாவிலோ அந்த அளவு கடுமையான விதி அப்போது இல்லை. ஆகவே பிரிட்டனுக்காகச் செய்யும் வேலையின் செலவை உள்ளூர் வாடிக்கையாளர் தலையிலும் வைக்க முடியாது.

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது. அந்த எஞ்சினை மாற்ற வேண்டியது யார்? டைஹட்சு. அந்த டைஹட்சுவோ யென் மதிப்பு ஏறியதாலும் இதே புகைக் கட்டுப்பாடுகளாலும் ஐரோப்பாவை விட்டே வெளியேறுவதாக 2011-இல் அறிவித்து, 2013 தொடக்கத்தில் போய்விட்டது. தான் இல்லாத சந்தைக்காக டைஹட்சு எஞ்சினைத் திருத்திக் கொடுக்குமா? அதற்கு முன்னாலும் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் டைஹட்சு சிரியன் ஒரு கடையில், பெரோடுவா மைவி இன்னொரு கடையில். உள்ளே இரண்டும் ஒரே கார். தாய் கம்பெனியும் பிள்ளை கம்பெனியும் ஒரே சரக்கை வேறு வேறு பெயரில் விற்றால், பிள்ளை எந்த அளவுக்கு மேல் வளரலாம் என்பது முன்கூட்டியே முடிவான விஷயம்.

அதே காலத்தில் பிரிட்டனுக்குள் நுழைந்த டாசியாவைப் பாருங்கள். 2013-இல் சாண்டெரோ காரை 5,995 பவுண்டுக்கு விட்டது. மலிவுக் கார் ஐரோப்பாவில் எடுபடாது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். சாண்டெரோ பிறகு ஐரோப்பாவில் தனிநபர்கள் அதிகம் வாங்கும் காராகி, 2024-இல் கண்டத்திலேயே அதிகம் விற்ற கார் என்ற இடத்தையும் பிடித்தது. டாசியா ருமேனியக் கம்பெனி. 1999-இல் பிரான்சின் ரெனோ அதை வாங்கியது, 2004-இல் லோகன் கார் வந்தது, 2007-இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தது. கடைகள் ரெனோவின் கடைகள், தவணை ரெனோவின் நிதி நிறுவனம், எஞ்சின் ரெனோ ஏற்கெனவே யூரோ விதிக்குத் தயார் செய்து வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, டாசியா வெளிநாட்டில் விற்க வேண்டும் என்று ரெனோவே விரும்பியது. மலிவுக் கார் கம்பெனி வெளியே ஜெயிக்கவே முடியாது என்று சொல்வோருக்கு இது போதுமான மறுப்பு. தாய் கம்பெனி வழி விட்டால் முடியும்.

பெரோடுவாவுக்கு வழி எங்கே அடைபட்டது என்று பார்க்க இந்தோனேசியாவுக்குப் போக வேண்டும். மொழி நெருக்கம், வலப்பக்க ஸ்டீயரிங், ஆசியான் வர்த்தக ஒப்பந்தத்தால் சுங்க வரியும் இல்லை. மலேசியக் கார் கம்பெனிக்கு அடுத்த வீட்டிலேயே இதைவிடப் பெரிய சந்தை எங்கே கிடைக்கும்? ஆனால் சுன்டரிலும் கராவாங்கிலும் டைஹட்சுவின் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன, உள்ளூர் பெருநிறுவனமான அஸ்ட்ராவோடு கூட்டாக. 2013-இல் இந்தோனேசிய அரசு மலிவுப் பசுமைக் கார் திட்டத்தை அறிவித்தபோது, அங்கேயே தயாராகும் கார்களுக்கு வரிச் சலுகை கொடுத்தது. டைஹட்சு ஐலாவும் டொயோட்டா அக்யாவும் உடனே வந்தன. மறு ஆண்டு மலேசியாவில் வந்த ஆக்சியா அவற்றின் உடன்பிறப்பு. பிலிப்பீன்சுக்குப் போன டொயோட்டா விகோவும் அதே குடும்பம், அதுவும் இந்தோனேசியாவிலிருந்து போனது. பெரோடுவா அடிவாவின் இரட்டையான டொயோட்டா ரெய்ஸும் அப்படித்தான். டைஹட்சுவைத் தன் கையில் வைத்திருக்கும் டொயோட்டா குழுமம் தன் ஏற்றுமதி வேலையை இந்தோனேசியாவுக்குக் கொடுத்துவிட்டது. மலேசியாவுக்குக் கொடுத்த வேலை மலேசியா மட்டும்.

மலேசியாவின் ராவாங்கில் உள்ள பெரோடுவா தொழிற்சாலையில் செய்யும் மைவி இந்தோனேசியாவுக்கும் போயிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே அதன் பெயர் டைஹட்சு சிரியன். முகப்பில் இருக்கும் சின்னமும் டைஹட்சுவுடையது. மலேசியத் தொழிலாளி செய்த காரை ஜாவாவில் ஒருவர் பத்தாண்டு ஓட்டினாலும் பெரோடுவா என்ற சொல் அவர் கண்ணில் படாது. ‘ஏன் அந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை?’ என்று கேட்டீர்களே, ஒரு பகுதி பதில் அந்தச் சின்னத்தில் இருக்கிறது.

பங்குக் கணக்கும் இதையே சொல்கிறது. பெரோடுவா ஹோல்டிங் கம்பெனியில் மலேசியத் தரப்பு பெரும்பான்மை. தனிப்பெரும் பங்காளி 38 சதவீதம் வைத்திருக்கும் மலேசிய நிறுவனமான யூஎம்டபிள்யூ, அது 2023 இறுதியில் இன்னொரு மலேசிய நிறுவனமான சைம் டார்பியின் கைக்குப் போனது. ஆனால் காரை உண்மையில் செய்யும் உற்பத்திப் பிரிவில் 2001 மறுசீரமைப்புக்குப் பிறகு ஜப்பானியத் தரப்புக்கு 51 சதவீதம். வடிவமைப்பும் அவர்களுடையது, உற்பத்தியில் பெரும்பான்மையும் அவர்களுடையது. வாடகை வீட்டில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு மாடி எழுப்ப முடியாது, எவ்வளவு ஒழுங்காக வாடகை கட்டினாலும்.

ஹூண்டாயோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ஹூண்டாயும் இரவல் எஞ்சினில்தான் தொடங்கியது, மிட்சுபிஷியிடம் வாங்கியது. 1986-இல் அமெரிக்காவில் எக்செல் காரை 4,995 டாலருக்கு இறக்கி, முதல் ஆண்டிலேயே 1.68 லட்சத்துக்கு மேல் விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பல்லை இளித்தன, ஹூண்டாய் என்றாலே மட்டமான கார் என்ற பெயர் வந்தது. பெரோடுவா பிரிட்டனில் பட்ட அவமானத்தைவிட அது பல மடங்கு பெரிது. ஆனால் மிட்சுபிஷியிடம் இருந்தது சிறு பங்குதான், நிர்வாகம் கொரியர் கையில் இருந்தது. 1991-இல் ஆல்ஃபா என்ற சொந்த எஞ்சினைச் செய்துவிட்டார்கள். 1998-இல் அமெரிக்காவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்து ஆண்டு, ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் அறிவித்தார்கள். சொந்த எஞ்சின் இல்லாத கம்பெனி பத்து ஆண்டு உத்தரவாதத்தை யாரை நம்பிக் கொடுக்கும்? விழுந்த பிறகு எழுந்திருக்கத் தேவையான எல்லாம் ஹூண்டாயின் கையிலேயே இருந்தன.

மாருதி வேறு கதை. அதுவும் சுஸுகியின் பிள்ளைதான், சொந்தமாக எஞ்சின் செய்து எழுந்த கம்பெனி அல்ல. சுஸுகி இந்தியாவைத் தன் உலக ஏற்றுமதித் தளமாக ஆக்க முடிவெடுத்ததுதான் அதன் அதிர்ஷ்டம். மானேசரில் செய்த ஏ-ஸ்டார் ஐரோப்பாவில் ஆல்ட்டோ என்றும் நிசான் பிக்ஸோ என்றும் விற்றது. 2024-இல் ஃபிராங்ஸ் ஜப்பானுக்கே போனது. இன்று மாருதி ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. வாங்குகிறவர் பார்ப்பது சுஸுகி என்ற பெயரைத்தான், அது மாருதிக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஆகவே பெரோடுவாவுக்கு முன்னால் இருந்தவை இரண்டு பாதைகள். ஹூண்டாய் போல அறுத்துக்கொண்டு போவது, அல்லது மாருதி போலத் தாய் கம்பெனி தேர்ந்தெடுப்பது. அறுத்துக்கொள்ள அதனால் முடியவில்லை, டைஹட்சு தேர்ந்தெடுத்ததோ இந்தோனேசியாவை.

வெளியே இருந்த சின்னச் சந்தைகளில் சிங்கப்பூரைச் சொல்ல வேண்டும், மலிவு எப்படிக் கரைந்துபோகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான இடம் இல்லை. அங்கே கார் வைத்திருக்க சிஓஇ என்ற உரிமச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும், பத்து ஆண்டுதான் செல்லும். சின்னக் கார்ப் பிரிவிலேயே அதன் விலை 2023 அக்டோபரில் 106,000 சிங்கப்பூர் டாலரைத் தொட்டது. கணக்குக்கு, இறக்குமதி மதிப்பு 10,000 டாலருள்ள ஒரு காரும் 20,000 டாலருள்ள இன்னொரு காரும் என்று வையுங்கள். கலால் வரி, ஜிஎஸ்டி, பதிவுக் கட்டணம் சேர்ந்தால் முதல் கார் ஏறக்குறைய 23,000, இரண்டாவது 46,000. இதுவரை ஒன்றுக்கு இரண்டு. இரண்டின் மேலும் ஒரு லட்சம் சிஓஇ ஏறியதும் 123,000 எதிர் 146,000. இரு மடங்காக இருந்த வித்தியாசம் 20 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அவ்வளவு பணம் கட்டுகிற ஒருவர், இன்னும் கொஞ்சம் போட்டு டொயோட்டாவோ ஹோண்டாவோ எடுக்கத்தான் பார்ப்பார்.

இலங்கையில் பெரோடுவா தோற்றது என்று சொல்ல மாட்டேன். வீவா எலைட், பிறகு ஆக்சியா, பெஸ்ஸா எல்லாம் அங்கே நல்ல பெயர் எடுத்தவை, சிறு எஞ்சினுக்கு வரி குறைவு என்பதும் கைகொடுத்தது. ஆனால் அங்கே இரண்டு பக்கமும் நெருக்கடி. கீழே இந்தியாவிலிருந்து வரும் ஆல்ட்டோ. மேலே ஜப்பானில் சில ஆண்டு ஓடிய வேகன் ஆர் போன்ற கார்கள். ‘ஜப்பான் வண்டி’ என்ற சொல்லுக்கு இலங்கையில் இருக்கும் மரியாதை, அதே ஜப்பான் எஞ்சினோடு மலேசியாவில் செய்த வண்டிக்குக் கிடைப்பதில்லை. இது அநியாயம் என்று எனக்குத் தோன்றும், ஆனாலும் மறுவிற்பனைச் சந்தை அப்படித்தான் விலை வைக்கிறது. போதாக்குறைக்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே அரசு நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில்தான். ஐந்து ஆண்டு ஒரு புதுக் காரும் வராமல் டீலர் கடை எப்படி நிற்கும்? ஏற்றுமதியை இப்படிப்பட்ட சின்ன நாடுகளில் தூவி வைத்திருப்பவருக்கு, எங்கோ ஓர் அமைச்சர் போடும் ஒரு கையெழுத்து ஒரு சந்தையையே மூடிவிடும்.

டைஹட்சுவை நம்பியிருப்பதன் மறுபக்கம் 2023-இல் தெரிந்தது. பக்கவாட்டு மோதல் சோதனையில் டைஹட்சு முறைகேடு செய்ததாக ஏப்ரலில் அதுவே ஒப்புக்கொண்டது. சம்பந்தப்பட்ட 88,123 வாகனங்களில் 11,834 பெரோடுவா ஆக்சியா. டிசம்பரில் விசாரணை அறிக்கை வந்தபோது முறைகேடு 64 மாடல்களைத் தொட்டது, பழையது 1989 வரை போனது. டைஹட்சு தன் எல்லா வாகனங்களையும் அனுப்புவதை நிறுத்தியது. மலேசியாவில் விற்பனை பெரிதாக அசையவில்லை, முப்பது ஆண்டு அனுபவத்தில் மக்கள் வைத்த நம்பிக்கை அது. புதிதாகக் கால் ஊன்றப் பார்க்கும் நாட்டில் இப்படிச் செய்தி வந்திருந்தால், தான் செய்யாத தவறுக்குப் பெரோடுவா கடையையே மூட வேண்டியிருக்கும்.

இனி மாறுமா என்றால், ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 2025 டிசம்பரில் பெரோடுவா கியூவி-ஈ என்ற முதல் மின்காரை வெளியிட்டது. டைஹட்சு காரைத் தழுவாமல், மலேசிய அணி முன்நின்று உருவாக்கிய வண்டி. அதன் முழு மதிப்பை இன்னும் பலர் உணரவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் எங்கே விற்கலாம் என்று தானே தீர்மானிக்கக்கூடிய காராக அது ஆகலாம். ஆனால் பழைய வழக்கமும் கூடவே வந்திருக்கிறது. வெளியானபோது விலை 80,000 ரிங்கிட், பேட்டரி அதில் சேரவில்லை, அதை மாதக் கட்டணத்துக்குத் தனியாக வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வாடகை வசூலிப்பது, தவணை தவறினால் என்ன செய்வது, பேட்டரியைத் திரும்ப வாங்குவது எல்லாம் மலேசிய வங்கி, மலேசியச் சட்டம், மலேசிய சர்வீஸ் நிலையங்களை வைத்துப் போட்ட ஏற்பாடு. கொழும்பிலோ ஜகார்த்தாவிலோ அதை விற்க வேண்டுமானால் இத்தனையையும் புதிதாகக் கட்ட வேண்டும், அல்லது பேட்டரி விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேர்த்துச் சொன்னால் எதிரே நிற்பது சீனாவின் பிஒய்டி. பேட்டரியைத் தானே செய்து, கப்பலையும் தானே வைத்திருக்கும் கம்பெனி அது.

கியூவி-ஈ ஏற்றுமதிக்குப் போனால் இரண்டைக் கவனியுங்கள்: பேட்டரியோடு சேர்த்து என்ன விலை போடுகிறார்கள், முகப்பில் யாருடைய சின்னம் இருக்கிறது.